செஞ்சு காட்டுங்க, பாப்போம்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து அரசு டிஸ்பென்சரியில் மருந்து இலவசம். பாட்டிலை மட்டும் நோயாளி கொண்டுவர வேண்டும். மிக்சரை ஊற்றிக் கார்க்கை அடைத்ததும் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். ஓரத்தைப் பல் பல்லாகக் கத்தரித்த வெள்ளைப் பட்டை. ஒரு பல் ஒரு வேளை. மருந்து அடுத்த பல் வரைக்கும் இறங்கினால் அந்த வேளை முடிந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அது போதும். மருந்தை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் நான். அந்தப் பட்டையைவிடத் தெளிவான வழிமுறையை இன்றுவரை பார்த்ததில்லை.

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் கம்பவுண்டராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பட்டை கத்தரித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொருவர் கொண்டுவரும் பாட்டிலும் ஒவ்வொரு வடிவம் என்பதால், மருந்தை ஊற்றிய பிறகுதான் பட்டையின் நீளத்தையும் பல்லின் இடைவெளியையும் முடிவு செய்ய முடியும். பாட்டிலைக் கையில் வாங்கியதும் அப்பா முகர்ந்து பார்ப்பார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் எவ்வளவு கெஞ்சினாலும் அதில் ஊற்ற மாட்டார். வெளிப்பூச்சு மருந்துக்கென்று, பக்கமெல்லாம் வரிவரியாகப் புடைத்த பழைய பாட்டில்கள் சிலவற்றைத் தனியாகச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் விஷ மருந்துக்கென்றே வார்த்த பாட்டில்கள் அவை. இருட்டில் கை பட்டால் இது குடிக்கிற மருந்து இல்லை என்று விரலே சொல்லிவிடும். ராத்திரியில் சிம்னி விளக்கைத் தேடி எழும் வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய காவல் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மருந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் அப்பாவின் உண்மையான வேலை தொடங்கும்.

“ஆச்சி, எத்தனை வேளை?”

“மூணு வேளைன்னு இப்பத்தான சொன்னிய கம்பவுண்டரய்யா.”

“குடிக்கதுக்கு முன்னால என்ன செய்யணும்?”

“குலுக்கணும்.”

“எங்க, குலுக்கிக் காட்டுங்க பாப்போம்.”

ஆச்சி பாட்டிலை லேசாகச் சாய்த்து நிமிர்த்துவாள். “அப்படி இல்ல ஆச்சி. அடியில கெடக்க வெள்ளப் பொடி பூராவும் மேல வரணும்” என்று அப்பா தன் கையால் ஒரு முறை குலுக்கிக் காட்டி, மறுபடி அவள் கையில் கொடுப்பார். அடியில் தங்கிய மருந்தைக் கலக்காமல் குடித்தால் முதல் வேளைகளில் தண்ணீரும் கடைசி வேளையில் மருந்து மொத்தமும் வயிற்றுக்குள் போகும். ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று லேபிளில் அச்சடித்துத்தான் இருந்தது. அந்த வரியை அப்பா நம்பவில்லை. ஆச்சியின் கையைத்தான் நம்பினார். வரிசை வெளியே வேப்பமரம் வரைக்கும் நீண்டிருந்தாலும் அடுத்தவரைக் கூப்பிடும் முன் இது நடக்கும்.

அவர் யாரிடமும் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டைக்காரர் முன்னால் ‘புரியலை’ என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? சொல்லச் சொல்வார், செய்யச் சொல்வார். இன்று உலகெங்கும் செவிலியர் பயிற்சியில் இதை முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அப்பாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது வேறு யாருமில்லை, மறுநாள் அதே வயிற்றுவலியோடு திரும்பி வந்தவர்கள்.

தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போட்டாக வேண்டும். கண்ணாடி சிரிஞ்சு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஊசி, இரண்டையும் வேகவைக்க ஒரு அலுமினியச் சட்டி. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பெரிய சட்டியில் ஆற்று மணலை நிரப்பி, நடுவில் சின்னப் பானையை இறக்கி, மணலை ஈரமாக வைத்திருந்து, அந்தப் பானைக்குள் இன்சுலின் குப்பியை வைப்பார்கள். சாரின் மனைவிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது அப்பாதான். முதலில் சாத்துக்குடிப் பழத்தில் போட வைத்தார். பிறகு தன் எதிரிலேயே சாருக்குப் போட வைத்தார். அந்தப் பெரியம்மாவின் கை நடுக்கம் நிற்கும்வரை தினமும் காலையில் டிஸ்பென்சரிக்குப் போகும் வழியில் அந்த வீட்டுத் திண்ணையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அளவை ஒரு அட்டையில் எண்ணிலும் எழுதி, எழுத்திலும் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: ‘16, பதினாறு’. வங்கிக் காசோலை மாதிரி இருக்கிறதே என்று சார் சிரித்தாராம். கையெழுத்தில் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில ‘யூ’ எழுத்து சுழியாகத் தெரிவதும், 4 யூனிட் 40 ஆகிவிடுவதும் உலகறிந்த ஆபத்து. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு, மருந்துச் சீட்டில் எழுதவே கூடாதவை என்று 2004-ல் வெளியிட்ட பட்டியலில் இந்த ‘யூ’ இருக்கிறது. 5.0 என்று எழுதுவதும் அதில் இருக்கிறது, புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும் என்பதால். .5 என்று எழுதுவதும் இருக்கிறது, புள்ளி தொலைந்தால் 5 என்பதால்.

நான் மருந்தியல் படித்து, மதுரையில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து, பிறகு சென்னைக்கு வந்து, கைபேசியில் பார்க்கும் வழிமுறைகளை வடிவமைக்கும் குழுவில் சேர்ந்தேன். இன்சுலின் பேனா, இன்ஹேலர், குளுக்கோமீட்டர் என்று வீட்டில் நோயாளியே கையாளும் பொருட்கள். பழைய காலமே நல்ல காலம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்த அந்த மெல்லிய தாளை நினைத்துப் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, பெரும்பாலும் ஆங்கிலம். சர்க்கரை வியாதியால் விழித்திரை கெட்டவர் கையில் அதைக் கொடுப்பது அநியாயம். கைபேசியில் அதே எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கலாம். படிக்கத் தெரியாதவர் தமிழில் கேட்கலாம். வழிமுறையில் ஒரு பிழை கண்டுபிடித்தால் அன்றைக்கே திருத்தலாம். அச்சடித்த தாளைக் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்க முடியுமா? இவையெல்லாம் அப்பாவுக்குக் கிடைக்காத வசதிகள். கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார்.

ஆனால் கூடவே ஒன்று கைநழுவிப் போனது. டிஸ்பென்சரி ஜன்னலில் வழிமுறை ஒரே வரி, அதைச் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஒரு மனிதர் இருந்தார். இன்று கைபேசியில் பத்து வீடியோ இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. மருந்துக்கடையில் பேனாவை டப்பாவோடு நீட்டி, “கியூஆர் கோடு இருக்கு, ஸ்கேன் பண்ணிக்கோங்கம்மா” என்று சொல்லி அடுத்தவரிடம் திரும்பிவிடுகிறார்கள். கடைப்பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எங்கள் வேலையில் மிகக் கடினமான பகுதி சோதனை அறை. வழிமுறையை எழுதி முடித்ததும், உண்மையில் அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களை அழைத்து, பொருளையும் கைபேசியையும் கொடுத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உதவி செய்யக் கூடாது. முகத்தில்கூடக் காட்டிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இறுதிச் சோதனையில் பயனாளர் வகை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 15 பேராவது இருக்கச் சொல்கிறது. ஐஇசி 62366 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கென்றே இருக்கிறது. ஒரு பொருளைத் தவறாகக் கையாள்வது பயனாளரின் குற்றம் என்று ஒதுக்கிவிடாமல், வடிவமைப்பு எங்கே அந்தத் தவறுக்கு வழிவிட்டது என்று தேடச் சொல்லும் தரநிலை அது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்த அறையில் பார்த்தவற்றைச் சொல்கிறேன். முதல் படி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவிவிட்டு வருகிறார் ஒரு அம்மா. இரண்டாவது படிக்குப் போகக் கைபேசியைத் தொட வேண்டும். ஈரக் கைக்குத் திரை அசையாது. புடவை முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடுகிறார். கழுவியதன் பயன் போயிற்று. பேனாவை ஒரு கையில் பிடித்து, வயிற்று மடிப்பை மறு கையில் பிடித்திருக்கும்போது ‘அடுத்து’ என்ற பொத்தானை எந்தக் கையால் அழுத்துவார்? ஊசியைக் குத்தி, பொத்தானை அழுத்தி, பேனாவைப் பொறுத்து 6 முதல் 10 விநாடி வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மருந்து முழுதாக உள்ளே போகாது. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே திரை தானாக அணைந்துவிடுகிறது. அணைந்ததும் பதறி ஊசியை உருவிவிடுகிறார். வீடியோவில் செய்து காட்டும் பெண் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பதால் அவளுடைய வலது நமக்கு இடதாகத் தெரிகிறது. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். தோளுக்கு மேலிருந்து, பார்ப்பவரின் சொந்தக் கைகளே செய்வதுபோல் படம் எடுத்தால் அந்தத் தடுமாற்றம் பெருமளவு நின்றுவிடுகிறது. நாங்கள் அதன் பிறகு எதிரே உட்கார வைத்துப் படம் எடுப்பதே இல்லை.

பேனாவின் ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு, வெளியே பெரியது, உள்ளே சிறியது. உள் மூடியைக் கழற்றாமலே குத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து உடம்புக்குள் போவதில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. 2017-ல் அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐஎஸ்எம்பி இதைப் பற்றி அவசர எச்சரிக்கை விட்டது. மருத்துவமனையில் தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசியில் பழகிய ஒரு நோயாளி, வீட்டில் சாதாரண ஊசியின் உள் மூடியைக் கழற்ற வேண்டும் என்று தெரியாமல் போட்டுக்கொண்டு, கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வந்து இறந்தே போனார். மருத்துவமனையில் அவருக்குப் பயிற்சி கிடைத்திருந்தது, வேறு ஊசியில். எந்தப் பொருள் வீட்டுக்குப் போகிறதோ அதே பொருளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்திருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஒவ்வொரு தடவையும் அளவை வைக்கும் முன் 2 யூனிட் திருப்பி, ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, நுனியில் துளி வருகிறதா என்று பார்க்கச் சொல்வது எதற்காக? காற்றை வெளியேற்ற மட்டும் இல்லை. உள் மூடி கழன்றதா, ஊசி அடைக்காமல் இருக்கிறதா, பேனா வேலை செய்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு துளியில் தெரிந்துவிடும். ‘மருந்து வீணாகுதே’ என்று பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். மாதச் சம்பளத்தில் இன்சுலின் வாங்கும் வீட்டில் இரண்டு யூனிட்டைக் காற்றில் விடச் சொன்னால் மனசு வராதுதான். காரணத்தைச் சொல்லாமல் ‘2 யூனிட் வெளியேற்றவும்’ என்று கட்டளை மட்டும் போடும் வழிமுறையை யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். காரணத்தைச் சொல்ல ஒரு வரி கூடுதலாகும். அந்த வரியை வெட்டச் சொல்லும் யாரிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

இன்ஹேலரிலும் இதே கதை. கேப்ஸ்யூலைக் கருவிக்குள் போட்டு, உடைத்து, உறிஞ்ச வேண்டிய வகை ஒன்று உண்டு. கேப்ஸ்யூல் என்றால் விழுங்குவது என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். விழுங்கிவிடுகிறார்கள். 2008-ல் எஃப்டிஏ இதற்கென்றே பொது எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலும் அதுதான் நடந்தது. விழுங்கினால் மருந்து நுரையீரலுக்குப் போகாது, மூச்சுத்திணறலும் குறையாது. ‘இந்த மருந்து கேட்கலை டாக்டர்’ என்று நோயாளி சொல்ல, மருத்துவர் அதைவிட வலுவான மருந்தை எழுத வாய்ப்பிருக்கிறது. நடுவில் யாராவது ஒருவர் “எங்க, எப்படி எடுத்துக்கிறீங்க, காட்டுங்க” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

வடிவமைப்பில் இன்னொரு பெரிய பாவம், பதிவு செய்யச் சொல்வது. வழிமுறையைப் பார்க்கச் செயலியை இறக்கு, பெயரைக் கொடு, கைபேசி எண்ணைக் கொடு, ஓடிபி வரும் பொறு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவில், வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைக்கு ஐசிஎம்ஆர் அனுமதி கொடுத்தபோது, செயலியை இறக்கி, விவரங்களைப் பதிந்து, பட்டையைப் படம் எடுத்து ஏற்றச் சொன்னார்கள். தொற்றைக் கணக்கெடுக்க அது தேவைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை திடீரென்று இறங்கி, உடம்பு வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஓடிபி கேட்கலாமா? சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இவ்வளவுதான் செய்தி. இது முதல் திரையில், இணையம் இல்லாமலே, பெரிய எழுத்தில், ஒரே தொடுதலில் வர வேண்டும். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பேரன் படித்துவிட்டு ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவைத் தூக்க வேண்டும். அப்படி இல்லாத செயலியை நான் பாதுகாப்பான செயலி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தமிழ் எழுத்தே ஒரு காலத்தில் பாடாய்ப் படுத்தியது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஒருவர் எழுத்துருவில் அடித்தது இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரியும். அதற்குப் பயந்து வழிமுறை முழுவதையும் படமாக மாற்றி ஒட்டிவிடுவார்கள். படத்துக்குள் சிக்கிய எழுத்தைக் கைபேசி ஒழுங்காகப் படித்துச் சொல்லாது, பெரிதாக்கினால் கலங்கும். யூனிகோடு வந்து இவ்வளவு காலம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை.

1.8.2023 முதல் நம் நாட்டில் 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். மருந்தின் பெயர், தயாரித்தவர், தொகுப்பு எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் எல்லாம் அதில் கிடைக்கும். போலி மருந்தைக் கண்டுபிடிக்க மிக நல்ல ஏற்பாடு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை வேளை, எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அட்டையில் இடம் போதாவிட்டால் வெளி டப்பாவில் அச்சடிக்கலாம் என்று விதி சொல்கிறது. நம் மருந்துக்கடைகளில் என்ன நடக்கிறது? அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துப் பழுப்புக் கவரில் போட்டுத் தருகிறார்கள். டப்பா கடையிலேயே தங்கிவிடுகிறது. காலாவதித் தேதி கத்தரிக்காத பாதியில் இருக்கிறது. நாலு மாத்திரைக்கு மேல் வாங்கக் காசு இல்லாதவருக்கு அந்தக் கோடு கண்ணில்கூடப் படாது. இந்த நாட்டில் டிஜிட்டல் வழிமுறை வடிவமைப்பவர் அந்தப் பழுப்புக் கவரிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். மூன்று வேளைக்கு மூன்று படம், அதற்குக் கீழே ஒரு சின்ன கியூஆர் கோடு என்று கவரிலேயே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் மின்னணு வழிமுறைகளுக்குக் கொண்டுவந்த 2226-ஆம் எண் விதி என்ன சொல்கிறது தெரியுமா? தாளை விட்டுவிட்டு மின்னணு வடிவில் மட்டும் கொடுக்கும் சலுகை, மருத்துவத் தொழிலில் இருப்பவர் பயன்படுத்தும் கருவிகளுக்குத்தான். அவரே தாள் கேட்டாலும் 7 நாளுக்குள் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் சாதாரண மனிதர் பயன்படுத்தும் பொருளோடு தாள் இருந்தே தீர வேண்டும் என்பதுதான் அந்த விதி. வீட்டுக்கு வீடு இணையம் உள்ள நாடுகள் அவ்வளவு தயங்கியபோது, சார்ஜ் தீர்ந்த ஒரே கைபேசியை மூன்று பேர் பங்கு போடும் வீடுகள் உள்ள நாம் தாளைத் தூக்கி எறிய அவசரப்படக் கூடாது. திரையும் வேண்டும், தாளும் வேண்டும்.

ஃபிரிட்ஜ் விஷயமும் அப்படித்தான். ‘பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் ஃபிரிட்ஜில் வைக்கவும்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன பல வழிமுறைகள். ஃபிரிட்ஜ் இல்லாதவர் அந்த இடத்தில் கைவிடப்படுகிறார். ஃபிரிட்ஜ் உள்ளவரோ குளிர்ச்சி நல்லதுதானே என்று ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார். உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். ‘உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா?’ என்று கேட்டு, இல்லை என்பவருக்கு மணலும் பானையும் படமாக வருகிற மாதிரி செய்தோம். பெரியம்மா வீட்டில் அன்று பார்த்ததைத்தான் படம் போடுபவரிடம் சொல்லிக் கொடுத்தேன்.

பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றேனே, அந்த ஆள் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறார். 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தந்த ஊர்ப் பெண்கள். “என்னக்கா, மாத்திரை ஒழுங்கா போடுறியா?” என்று கேட்டுக்கொண்டே திண்ணையில் உட்காரும் உரிமை உள்ளவர்கள். டிஜிட்டல் வழிமுறைகளை நோயாளி தனியாகப் பார்ப்பதற்காக மட்டும் வடிவமைக்காமல், இந்தப் பெண்கள் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியைத் தாங்கள் பிடித்துக்கொண்டு, நோயாளியின் இரண்டு கைகளையும் பொருளுக்கு விட்டுவிடும்படி வடிவமைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கீழே அவர்களுக்கென்று ஒரு கேள்வி இருக்கட்டும்: உள் மூடி கழன்றதா, நுனியில் துளி தெரிந்ததா, பத்து எண்ணினாரா. கைபேசித் திரையோடு வந்த பெரிய குறை இதனால் தீரும். இதற்குப் புதிதாக எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்லை. எழுதுகிறவர்கள் மனசு வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது குப்பி இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்றால் தயவுசெய்து இன்றைக்கே எழுந்துபோய்ப் பாருங்கள். நம் நாட்டில் கிடைக்கும் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளவையும் விற்கின்றன. 40-க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கு உரியது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40-க்கு உரிய சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு, உயிருக்கே ஆபத்து. 40 மருந்தை 100 சிரிஞ்சில் அதே 10 வரை இழுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை போதுமான அளவு இறங்காது. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஊசியைப் போடாமல் உங்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ உடனே கேளுங்கள். அவர் சொல்லிக் கொடுத்ததும், அவர் முன்னாலேயே நீங்கள் ஒரு முறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.